ஜான் மோசஸ் பிரௌனிங்

ஜான் மோசஸ் பிரௌனிங் (ஜனவரி 23, 1855 – நவம்பர் 26, 1926) ஐக்கிய அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த துப்பாக்கி வடிவமைப்பாளர் ஆவார். தம் வாழ்நாளில் 128 காப்புரிமைகளைப் பெற்றார். வேட்டைத் துப்பாக்கிகள், கைத்துப்பாக்கிகள், இயந்திரத் துப்பாக்கிகள் எனப் பல வகைகளில் இவருடைய வடிவமைப்புகள் உலகெங்கும் பரவின. ஷாட்கன் எனப்படும் சிதறுதுப்பாக்கி வகையில், பெருமளவில் உற்பத்தியாகி வெற்றி பெற்ற முதல் அரைத்தானியங்கித் துப்பாக்கியை உருவாக்கியவர் இவரே. ஆட்டோ-5 என்று பின்னாளில் பெயர் பெற்ற அத்துப்பாக்கியையே இவர் தம் சிறந்த படைப்பாகக் கருதினார். இவர் களிமண் தட்டுச் சுடுதல் போட்டிகளில் பங்கேற்ற ஒரு தேர்ந்த வீரரும் ஆவார்.

இளமைக்காலம்

பிரௌனிங் யூட்டா பகுதியிலுள்ள ஆக்டன் என்னும் ஊரில் பிறந்தார். அப்போது யூட்டா ஒரு மாநிலமாகவில்லை. ஐக்கிய அமெரிக்காவின் ஆட்சிப்பகுதியாக மட்டுமே இருந்தது. இவருடைய தந்தை ஜோனதன் பிரௌனிங் (1805–1879) டென்னசி மாநிலத்தில் பிறந்த துப்பாக்கிக் கொல்லர். அவர் மார்மன் சமயத்தைத் தழுவி, அச்சமயத்தினருடன் மேற்கு நோக்கிப் புலம்பெயர்ந்து, 1852 இல் ஆக்டனில் குடியேறினார். ஒரே குழலில் பல தோட்டாக்களை அடுத்தடுத்துச் சுடக்கூடிய துப்பாக்கிகளை அவர் முன்பே செய்திருந்தார். மார்மன் சமயத்தில் அக்காலத்தில் பலதார மணம் வழக்கிலிருந்தது. ஜோனதனுக்கு மூன்று மனைவியரும் 22 பிள்ளைகளும் இருந்தனர்.

ஜான் சிறுவனாக இருந்தபோதே தந்தையின் பட்டறையில் வேலை கற்றார். ஏறத்தாழ 10 வயதில், பட்டறையில் கழித்துப் போடப்பட்ட பொருட்களைக் கொண்டு தம் முதல் துப்பாக்கியைச் செய்ததாகக் குடும்ப வரலாறு கூறுகிறது. பொறியியல் கல்வி எதையும் இவர் பெறவில்லை. உலையும் கடைசல் எந்திரமும் அரமுமே இவருக்குப் பாடசாலையாக அமைந்தன. துப்பாக்கியின் பாகங்களை முதலில் மனத்தில் அமைத்துப் பார்த்து, பின்னர் நேரடியாக உலோகத்தில் செய்து பார்ப்பது இவருடைய வழக்கமாக இருந்தது.

1879 ஆம் ஆண்டு இவர் வாழ்வில் பல மாற்றங்கள் நிகழ்ந்தன. ஏப்ரலில் ரேச்சல் தெரேசா சைல்டு என்பவரை மணந்தார். ஜூனில் தந்தை காலமானார். அக்டோபரில் ஒற்றைத் தோட்டா நெடுந்துப்பாக்கி ஒன்றிற்கு முதல் காப்புரிமையைப் பெற்றார். தொடர்ந்து சகோதரர்களுடன் இணைந்து ஆக்டனில் சிறு தொழிற்சாலை ஒன்றை அமைத்தார். தம்பி மாத்யூ வணிகப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். மாட் என்று அழைக்கப்பட்ட இவர் பிற்காலத்தில் ஆக்டன் நகர மேயராகவும் இருந்தார்.

வின்செஸ்டர் நிறுவனத்துடன்

கனெடிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் இயங்கிய வின்செஸ்டர் நிறுவனம் அக்காலத்தில் அமெரிக்காவின் முன்னணித் துப்பாக்கி உற்பத்தியாளர்களுள் ஒன்று. அதன் விற்பனையாளர் ஒருவர் பிரௌனிங்கின் ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி ஒன்றைக் கண்டு தலைமையகத்திற்கு அனுப்பினார். 1883 இல் நிறுவனத்தின் துணைத்தலைவர் தாமஸ் பென்னட் நேரில் ஆக்டனுக்கு வந்து, அத்துப்பாக்கியின் உரிமையை 8,000 டாலருக்கு வாங்கினார். இது 1885 ஆம் ஆண்டு மாதிரி என்ற பெயரில் வெளியாயிற்று.

அடுத்த 19 ஆண்டுகளில் பிரௌனிங்கின் நாற்பதுக்கும் மேற்பட்ட வடிவமைப்புகளை வின்செஸ்டர் வாங்கியது. அவற்றுள் சிறு பங்கே உற்பத்திக்கு வந்தது. எஞ்சியவை, போட்டி நிறுவனங்களின் கைக்குச் சென்றுவிடக் கூடாது என்பதற்காக வாங்கி வைக்கப்பட்டவை. உற்பத்தியானவற்றுள் 1894 ஆம் ஆண்டு மாதிரி வேட்டைத் துப்பாக்கி, காலப்போக்கில் 70 இலட்சத்திற்கும் மேல் செய்யப்பட்டது.

இவ்விற்பனைகள் அனைத்தும் ஒரே முறையில் நடந்தன. நிறுவனம் ஒரு தொகையைக் கொடுத்து உரிமை முழுவதையும் பெற்றுக்கொள்ளும்; பின்னர் எத்தனை துப்பாக்கிகள் விற்றாலும் வடிவமைத்தவருக்கு எதுவும் கிடைக்காது. இம்முறையே பிற்காலத்தில் இரு தரப்பினருக்கும் இடையில் பிளவு ஏற்படக் காரணமாயிற்று.

சிதறுதுப்பாக்கிகளைப் பொறுத்தவரை, பிரௌனிங் 1887 ஆம் ஆண்டு மாதிரியை நெம்புகோலால் இயங்கும் வகையில் செய்தார். முன்கைப்பிடியை முன்னும் பின்னும் தள்ளி இயக்கும் பம்ப் முறையே சிதறுதுப்பாக்கிக்கு ஏற்றது என்று அவர் கருதினார். எனினும், நெம்புகோல் தன் அடையாளம் என்பதால் வின்செஸ்டர் அதையே விரும்பியது. பின்னர் 1893 இல் பம்ப் முறைத் துப்பாக்கி ஒன்றும், புகையற்ற வெடிமருந்தின் அழுத்தத்தைத் தாங்குமாறு வலுப்படுத்தப்பட்ட 1897 ஆம் ஆண்டு மாதிரியும் வெளிவந்தன. பின்னது 1957 வரை 10 இலட்சத்திற்கும் மேல் உற்பத்தியானது. களிமண் தட்டுச் சுடுதலிலும் அது விரும்பிப் பயன்படுத்தப்பட்டது.

போட்டிகளில் பங்கேற்பு

19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் டிராப் எனப்படும் போட்டி பெரும் செல்வாக்குப் பெற்றிருந்தது. தொடக்கத்தில் கூண்டிலிருந்து விடுவிக்கப்படும் புறாக்களையே சுட்டனர். பின்னர் கண்ணாடிக் கோளங்களும், 1880 இல் ஜார்ஜ் லிகோவ்ஸ்கி காப்புரிமை பெற்ற களிமண் தட்டுகளும் புறாக்களின் இடத்தைப் பிடித்தன. இன்றைய தட்டுகள் களிமண்ணால் செய்யப்படுவதில்லை. கீல் போன்ற பிசினும் சுண்ணாம்புக்கல் தூளும் கலந்த, எளிதில் நொறுங்கும் தட்டுகளே அப்பெயரால் அழைக்கப்படுகின்றன.

ஜான் பிரௌனிங், மாட் பிரௌனிங், பிகலோ, பெக்கர் ஆகிய நால்வரும் 1890களில் யூட்டாவில் ஓர் அணியாகப் போட்டிகளில் பங்கேற்றனர். நால்வரின் குடும்பப் பெயரும் ஆங்கில எழுத்தான 'பி'யில் தொடங்கியதால் இவ்வணி 'நான்கு பி-க்கள்' என்று அழைக்கப்பட்டது.

இவ்விளையாட்டு அனுபவம் இவருடைய வடிவமைப்புப் பணிக்கும் உதவியது. பறக்கும் தட்டைச் சுடுபவர் துப்பாக்கியை ஓரிடத்தில் நிறுத்தி இலக்குப் பார்ப்பதில்லை. தட்டின் பாதையைத் தொடர்ந்து துப்பாக்கியை வீசிச் செல்கிறார். முதல் தோட்டாவுக்கும் இரண்டாம் தோட்டாவுக்கும் இடையில் கையை அசைத்து நெம்புகோலையோ முன்கைப்பிடியையோ இயக்க நேர்ந்தால் அந்த வீச்சு குலைகிறது. துப்பாக்கி தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொண்டால் இக்குறை நீங்கும்.

தானாக இயங்கும் துப்பாக்கிகள்

1889 இல் ஆக்டனுக்கு அருகே நடந்த ஒரு துப்பாக்கி சுடும் போட்டியில், தோட்டா வெளியேறும்போது குழல்வாயிலிருந்து பீறிட்ட வளிமம் எதிரே இருந்த புல்லையும் நாணலையும் வளைத்ததைப் பிரௌனிங் கவனித்தார். வீணாகும் இந்த ஆற்றலைக் கொண்டே துப்பாக்கியை இயக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. பட்டறைக்குத் திரும்பி, நெம்புகோல் துப்பாக்கி ஒன்றின் குழல்வாயில், அவ்வளிமத்தால் தள்ளப்படும் ஒரு தகட்டைப் பொருத்தி, நெம்புகோல் தானே இயங்குமாறு செய்தார். இவ்வழியில் உருவான இயந்திரத் துப்பாக்கியைக் கோல்ட் நிறுவனம் 1895 ஆம் ஆண்டு மாதிரியாக வெளியிட்டது.

கைத்துப்பாக்கிகளில் இவர் பின்னுதைப்பு ஆற்றலைப் பயன்படுத்தினார். 1897 இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகருக்கு அருகிலுள்ள ஹெர்ஸ்டால் என்னுமிடத்தில் இயங்கிய எஃப்.என். நிறுவனம், இவருடைய கைத்துப்பாக்கி ஒன்றைத் தயாரிக்க உடன்பாடு செய்துகொண்டது.

அரைத்தானியங்கிச் சிதறுதுப்பாக்கி

விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு தோட்டாவைச் சுட்டு, வெற்றுக் கூட்டை வெளியேற்றி, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கியே அரைத்தானியங்கி எனப்படுகிறது. ஒவ்வொரு முறை சுடுவதற்கும் விசையைத் தனித்தனியே அழுத்த வேண்டும்.

கைத்துப்பாக்கியில் இதைச் செய்வதைவிடச் சிதறுதுப்பாக்கியில் செய்வது கடினமாக இருந்தது. கைத்துப்பாக்கிக்கான தோட்டாக்கள் ஏறத்தாழ ஒரே ஆற்றல் கொண்டவை. சிதறுதுப்பாக்கித் தோட்டாக்களோ அவ்வாறல்ல. அக்காலத்தில் கரும்வெடிமருந்து, புகையற்ற வெடிமருந்து இரண்டும் புழக்கத்தில் இருந்தன. ஈயச் சிறுகுண்டுகளின் எடை வேட்டைக்கு ஒன்றாகவும் போட்டிக்கு வேறாகவும் இருந்தது. காகிதத்தாலான தோட்டாக் கூடுகள் ஈரத்தில் உப்பிக்கொண்டன. பலமான தோட்டாவுக்கு ஏற்ப அமைத்த பொறி இலகுவான தோட்டாவில் இயங்காது. இலகுவானதற்கு ஏற்ப அமைத்தால் பலமான தோட்டா அதை உடைத்துவிடும். பிரௌனிங் இச்சிக்கலில் 1898 முதல் ஈடுபட்டார். 1900 பிப்ரவரியில் விண்ணப்பித்த காப்புரிமை அதே ஆண்டு அக்டோபர் 9 அன்று வழங்கப்பட்டது.

செயல்படும் முறை

இத்துப்பாக்கி நீள் பின்னுதைப்பு முறையில் இயங்குகிறது. இதில் குழலே நகரும் பாகமாகும். இயக்கம் பின்வரும் வரிசையில் நிகழ்கிறது.

1. தோட்டா வெடிக்கும்போது, போல்ட் எனப்படும் அடைப்பு குழலின் பின்முனையோடு பூட்டப்பட்டிருக்கும்.
2. பின்னுதைப்பினால் குழலும் போல்ட்டும் பூட்டிய நிலையிலேயே ஒரு தோட்டாவின் நீளத்தைவிடச் சற்றுக் கூடுதலான தொலைவு பின்னோக்கி நகரும். அப்போது தோட்டாக் குழாயைச் சுற்றியுள்ள பெரிய சுருள்வில் அழுத்தப்படும்.
3. பின்னெல்லையில் பூட்டு விடுபடும். போல்ட் அங்கேயே நின்றுவிட, சுருள்வில் குழலை மட்டும் முன்னோக்கித் தள்ளும்.
4. குழல் விலகும்போது வெற்றுக் கூடு போல்ட்டில் பற்றப்பட்டு நிற்கும். பின்னர் பக்கவாட்டில் வெளியே எறியப்படும்.
5. அடுத்த தோட்டா குழாயிலிருந்து வெளிவந்து மேலே தூக்கப்படும். போல்ட் முன்னோக்கிச் சென்று அதைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டிக்கொள்ளும்.

குழாயில் நான்கும் குழலில் ஒன்றுமாக ஐந்து தோட்டாக்கள் கொள்ளும். ஆட்டோ-5 என்ற பெயரில் உள்ள எண் இதையே குறிக்கிறது. போல்ட் பின்னால் செல்ல இடம் வேண்டியிருந்ததால் துப்பாக்கியின் உடற்பகுதி பின்புறத்தில் உயர்ந்து, செங்குத்தாக வெட்டப்பட்டது போல் முடிகிறது. இத்தோற்றத்தால் வேட்டைக்காரர்கள் இதைக் 'கூன்முதுகு' என்று அழைத்தனர். இந்த உயர்ந்த பகுதி பார்வைக் கோட்டை நீளமாக்கியதால், பலர் இதை ஒரு வசதியாகவும் கருதினர்.

உராய்வு வளையங்கள்

பலவகைத் தோட்டாக்களுக்கும் ஒரே துப்பாக்கி என்ற சிக்கலுக்குப் பிரௌனிங் கண்ட தீர்வு எளிமையானது. உற்பத்தியான 12 அளவுத் துப்பாக்கிகளில், சுருள்வில்லுக்கு முன்னால் தோட்டாக் குழாயைப் பற்றிக்கொள்ளும் வெண்கல உராய்வுத் துண்டு ஒன்றும், உட்புறம் சாய்வாகக் கடையப்பட்ட எஃகு வளையம் ஒன்றும் இருந்தன. எஃகு வளையத்தைச் சுருள்வில்லுக்கும் வெண்கலத் துண்டுக்கும் நடுவில் வைத்தால், அதன் சாய்வு வெண்கலத் துண்டை இறுக்கி உராய்வைக் கூட்டும். இது பலமான தோட்டாக்களுக்கான அமைப்பு. வளையத்தைக் கழற்றிச் சுருள்வில்லின் பின்பக்கத்தில் வைத்துவிட்டால் உராய்வு குறையும். இது இலகுவான தோட்டாக்களுக்கானது.

அமைப்பு தவறினால் விளைவு உடனே தெரிந்தது. இலகுவான தோட்டாவுக்கு இறுக்கமான அமைப்பு இருந்தால் குழல் முழுத் தொலைவு பின்வாங்காது. வெற்றுக் கூடு சிக்கிக்கொள்ளும். பலமான தோட்டாவுக்குத் தளர்வான அமைப்பு இருந்தால் குழல் உடற்பகுதியில் மோதும். தோளில் உதை கூடும். நாளடைவில் மரப்பகுதி வெடிக்கும். தோட்டாக் குழாயில் தடவும் எண்ணெயின் அளவுகூட உராய்வை மாற்றக்கூடியது. துப்பாக்கியைப் பயன்படுத்துபவரே தம் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளும் வசதி இவ்வாறு வடிவமைப்பிலேயே இடம்பெற்றது குறிப்பிடத்தக்கது.

வின்செஸ்டருடன் முறிவு

பிரௌனிங் வழக்கம்போல் இத்துப்பாக்கியையும் முதலில் வின்செஸ்டரிடமே கொண்டு சென்றார். ஆனால் இம்முறை ஒட்டுமொத்தத் தொகைக்கு மாறாக, விற்கும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ராயல்டி எனப்படும் உரிமைத்தொகை வேண்டும் என்று கேட்டார். பென்னட் தயங்கினார். புதிய துப்பாக்கி தோற்றால் நிறுவனத்தின் பெயர் கெடும். வென்றாலோ நிறுவனத்தின் சொந்தத் துப்பாக்கிகளின் விற்பனை குறையும். உரிமைத்தொகை கொடுப்பது நிறுவனத்தின் வழக்கத்திலும் இல்லை. முடிவு தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. இறுதியில் 1902 இல் பிரௌனிங் தம் மாதிரித் துப்பாக்கியைத் திரும்ப எடுத்துக்கொண்டு வெளியேறினார். 19 ஆண்டு உறவு அத்துடன் முடிவுற்றது.

அடுத்து ரெமிங்டன் நிறுவனத்தை அணுகினார். அதன் தலைவர் மார்செலஸ் ஹார்ட்லியைச் சந்திக்க 1902 ஜனவரி 8 அன்று நேரம் குறிக்கப்பட்டிருந்தது. பிரௌனிங் அலுவலகத்தில் காத்திருந்தபோது, ஹார்ட்லி மாரடைப்பால் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தது. பேச்சுவார்த்தை தொடங்குவதற்கு முன்பே முடிந்தது.

பெல்ஜியத்தில்

இதன் பின்னர் பிரௌனிங் கப்பலேறிப் பெல்ஜியம் சென்றார். எஃப்.என். நிறுவனம் இவருடைய கைத்துப்பாக்கிகளால் ஏற்கெனவே நல்ல வருவாய் ஈட்டி வந்தது. 1902 மார்ச்சில் சிதறுதுப்பாக்கிக்கான உடன்பாடு கையெழுத்தாயிற்று. உரிமைத்தொகை முறையும் ஏற்கப்பட்டது. அமெரிக்க விற்பனைக்காக 10,000 துப்பாக்கிகளுக்குப் பிரௌனிங் தம் பொறுப்பிலேயே ஆணை கொடுத்தார். தம் வடிவமைப்பின் மீது அவர் கொண்டிருந்த நம்பிக்கையை இது காட்டுகிறது. உற்பத்தி விரைவில் தொடங்கியது. துப்பாக்கிகளும் விற்றுத் தீர்ந்தன.

அமெரிக்க இறக்குமதி வரியின் காரணமாக, பெல்ஜியத்திலிருந்து தொடர்ந்து கொண்டுவந்து விற்பது இலாபமற்றதாயிற்று. எனவே அமெரிக்காவில் தயாரிக்கும் உரிமை ரெமிங்டனுக்கே வழங்கப்பட்டது. 1905 முதல் ரெமிங்டன் தயாரித்த இத்துப்பாக்கி, பின்னர் 11 ஆம் மாதிரி என்று பெயரிடப்பட்டது.

வின்செஸ்டர் தான் நழுவவிட்டதை ஈடுசெய்ய முயன்றது. அதன் வடிவமைப்பாளர் தாமஸ் ஜான்சன், வின்செஸ்டருடன் உறவு நீடித்த காலத்தில் பிரௌனிங்கின் காப்புரிமை விண்ணப்பங்களை உருவாக்க உதவியவர். அக்காப்புரிமைகளை மீறாமல் வேறொரு துப்பாக்கியை வடிவமைக்கும் பணி இப்போது அவருக்கே வாய்த்தது. போல்ட்டை இழுக்கும் கைப்பிடியும் பிரௌனிங்கின் காப்புரிமைக்குள் அடங்கியிருந்தது. எனவே 1911 ஆம் ஆண்டு வெளிவந்த வின்செஸ்டர் துப்பாக்கியில் குழலையே கையால் பிடித்துப் பின்னால் தள்ள வேண்டியிருந்தது. தோட்டா சிக்கியபோது, துப்பாக்கியின் அடிப்பகுதியைத் தரையில் ஊன்றிக் குழலை அழுத்தியவர்கள் சிலர் காயமுற்றனர், உயிரிழப்புகளும் நேர்ந்தன. அத்துப்பாக்கி நெடுங்காலம் நீடிக்கவில்லை.

போட்டிகளுக்கான மாற்றங்கள்

பிரௌனிங்கின் துப்பாக்கி முதன்மையாக வேட்டைக்காகவே விற்கப்பட்டது. எனினும் போட்டியாளர்கள் அதைத் தம் தேவைக்கேற்ப மாற்றிப் பயன்படுத்தினர். டிராப் போட்டியில் தட்டுகள் சுடுபவரிடமிருந்து விலகிச் செல்கின்றன. அமெரிக்க முறையில் ஒரு சுற்றுக்கு 25 தட்டுகள். தட்டு ஒன்றுக்கு ஒரே தோட்டா. 1920 இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆண்டோவர் நகரில் தோன்றி, 1926 இல் ஸ்கீட் என்று பெயர் பெற்ற போட்டியில் தட்டுகள் குறுக்காகப் பறக்கின்றன. சில நிலைகளில் இரண்டு தட்டுகள் ஒரே நேரத்தில் வருகின்றன. இரண்டிலுமே ஐந்து தோட்டாக்கள் தேவைப்படுவதில்லை. எனவே போட்டியாளர்கள் வேண்டிய மாற்றங்கள் வேறு வகையானவை.

முதலாவது, தோட்டாவுக்கு ஏற்ற உராய்வு அமைப்பு. அமெரிக்க டிராப் போட்டியில் ஈயக் குண்டுகளின் எடை 32 கிராமுக்கு மிகாது. இன்றைய ஒலிம்பிக் போட்டிகளில் 24 கிராம் மட்டுமே. வாத்து வேட்டைக்கு 35 கிராமோ அதற்கு மேலோ பயன்படுத்துவர். ஆகவே வேட்டைக்குப் பயன்பட்ட துப்பாக்கியைப் போட்டிக்குக் கொண்டுவருபவர் வளையங்களை இடம் மாற்ற வேண்டியிருந்தது.

இரண்டாவது, குழல். சோக் எனப்படும் குழல்வாய் ஒடுக்கம், ஈயக் குண்டுகள் எவ்வளவு விரைவில் பரவும் என்பதை முடிவு செய்கிறது. தொலைவில் செல்லும் டிராப் தட்டுகளுக்கு ஒடுக்கமான குழல்வாயும், அருகே குறுக்கிடும் ஸ்கீட் தட்டுகளுக்கு அகலமான குழல்வாயும் ஏற்றவை. ஆட்டோ-5 துப்பாக்கியில் முன்பக்க மூடியைத் திருகி முன்கைப்பிடியைக் கழற்றினால் குழலைப் பிரித்தெடுத்து வேறு குழலைப் பொருத்தலாம். இவ்வசதியால் ஒரே துப்பாக்கியை இரண்டு போட்டிகளுக்கும் பயன்படுத்த முடிந்தது.

மூன்றாவது, குழல்வாயில் பொருத்தப்படும் கருவிகள். 1920களின் இறுதியில் கட்ஸ் காம்பன்சேட்டர் என்ற கருவி விற்பனைக்கு வந்தது. துளைகள் கொண்ட ஓர் உருளை, வளிமத்தைப் பக்கவாட்டில் வெளியேற்றி உதைப்பைக் குறைத்தது. அதன் முனையில் வெவ்வேறு ஒடுக்கமுள்ள குழாய்களைத் திருகிக்கொள்ளவும் முடிந்தது. ஸ்கீட் வீரர்களிடையே இது பெரிதும் பரவியது. ஆனால் நீள் பின்னுதைப்புத் துப்பாக்கியில் குழலே நகர்வதால், குழலில் கூட்டும் எடை அது பின்வாங்கும் வேகத்தைக் குறைக்கிறது. கருவியைப் பொருத்தியவர்கள் உராய்வு அமைப்பையும் மீண்டும் சரிபார்க்க நேர்ந்தது. ஒரு பாகத்தில் செய்யும் மாற்றம் முழு இயக்கத்தையும் பாதிப்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டாகும்.

இவற்றோடு, எறியப்படும் வெற்றுக் கூடு வலப்பக்கத்தில் நிற்பவர் மேல் படாதவாறு தடுக்கும் பிடிப்பான்களையும் டிராப் வீரர்கள் பொருத்திக்கொண்டனர். 1935 முதல் அமெரிக்காவில் வலசைப் பறவை வேட்டைக்கு மூன்று தோட்டாக்களுக்கு மேல் கொள்ளாத துப்பாக்கியே அனுமதிக்கப்பட்டதால், தோட்டாக் குழாயினுள் மரக்கட்டை செருகும் வழக்கமும் பரவியது.

நீள் பின்னுதைப்பு முறைக்கு ஒரு குறையும் இருந்தது. கனமான குழல் பின்னே சென்று மீண்டும் முன்னே வருவதைச் சுடுபவர் தோளில் இரட்டை அசைவாக உணர்ந்தார். 1963 இல் வெளிவந்த ரெமிங்டன் 1100 துப்பாக்கி, குழலை அசையாமல் நிறுத்தி வளிமத்தால் இயங்கியது. உதைப்பு மென்மையாக இருந்ததால் போட்டிகளில் அது விரைவில் முதலிடம் பெற்றது. வளிமத்தால் துப்பாக்கியை இயக்கும் வழியையும் பிரௌனிங் 1889 இலேயே ஆராய்ந்திருந்தார் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

படைத்துறை ஆயுதங்கள்

பிரௌனிங்கின் பெயர் படைத்துறை வரலாற்றிலும் இடம்பெற்றுள்ளது. இவர் வடிவமைத்த எம்1911 கைத்துப்பாக்கியை ஐக்கிய அமெரிக்கத் தரைப்படை 1911 மார்ச் 29 அன்று ஏற்றது. முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியபோது இவருடைய எம்1917 இயந்திரத் துப்பாக்கியும், பி.ஏ.ஆர். எனப்பட்ட தானியங்கித் துப்பாக்கியும் ஏற்கப்பட்டன. வின்செஸ்டரிடம் உரிமைத்தொகைக்காக உறுதியாக நின்ற பிரௌனிங், போர்க்காலத்தில் அரசு முன்வைத்த 7,50,000 டாலர் ஒட்டுமொத்தத் தொகையை ஏற்றுக்கொண்டார். உரிமைத்தொகை முறையில் கிடைத்திருக்கக்கூடியதைவிட இது மிகவும் குறைவு.

1914 இல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைக் கொல்லப் பயன்பட்டது இவர் வடிவமைத்த எஃப்.என். 1910 ஆம் ஆண்டு மாதிரிக் கைத்துப்பாக்கியாகும். போட்டிக்கும் வேட்டைக்கும் உருவான ஆட்டோ-5 துப்பாக்கியும் போரிலிருந்து விலகி நிற்கவில்லை. மலாயாவில் 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் பிரித்தானியப் படையினர் அதைக் காடுகளில் பயன்படுத்தினர்.

இறுதிக்காலம்

1914 இல் பெல்ஜிய அரசு இவருக்கு லியோபோல்டு விருதை அளித்துச் சிறப்பித்தது. 1923 இல் தம்பி மாட் காலமானார். இக்காலத்தில் பிரௌனிங் மீண்டும் விளையாட்டுத் துப்பாக்கியின் பக்கம் திரும்பினார். இரண்டு குழல்களை மேலும் கீழுமாக அடுக்கிய சூப்பர்போஸ்டு என்னும் சிதறுதுப்பாக்கியே இவருடைய கடைசி வடிவமைப்புகளுள் ஒன்று. பக்கவாட்டில் இரு குழல்கள் கொண்ட பழைய துப்பாக்கியைப் போலன்றி, இது ஒரே பார்வைக் கோட்டைக் கொண்டது. நகரும் குழல் இல்லாததால் தோட்டாவின் பலத்திற்கேற்பச் சரிசெய்ய வேண்டிய தேவையும் இல்லை.

1926 நவம்பர் 26 அன்று, லியேஜ் அருகே எஃப்.என். தொழிற்சாலையில் மகன் வால் பிரௌனிங்கின் அலுவலகத்தில் இருந்தபோது இதயம் செயலிழந்து ஜான் பிரௌனிங் காலமானார். உடல் அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு ஆக்டனில் அடக்கம் செய்யப்பட்டது. சூப்பர்போஸ்டு துப்பாக்கிக்கு ஒற்றை விசை அமைக்கும் பணியை வால் நிறைவேற்றினார். 1931 இல், பெருமந்தக் காலத்தில், அது விற்பனைக்கு வந்தது.

மரபு

ஆட்டோ-5 முதலில் பெல்ஜியத்திலும், 1970களிலிருந்து ஜப்பானிலும் உற்பத்தி செய்யப்பட்டு, 1990களின் இறுதிவரை தொடர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் பெல்ஜியம் செருமனியின் பிடியில் இருந்தபோது, அமெரிக்காவில் ரெமிங்டன் நிறுவனமே பிரௌனிங் பெயரில் அதைத் தயாரித்துக் கொடுத்தது. 2012 இல் ஏ5 என்ற பெயரில் வெளியான புதிய துப்பாக்கி பழைய கூன்முதுகுத் தோற்றத்தைத் தக்கவைத்துக்கொண்டது. எனினும் அதன் குழல் நகர்வதில்லை.

ஒலிம்பிக் டிராப், ஸ்கீட் போட்டிகளில் இன்று மேல்-கீழ் இரட்டைக்குழல் துப்பாக்கிகளே பெரும்பாலும் பயன்படுகின்றன. அரைத்தானியங்கிகள் பிற களிமண் தட்டுப் போட்டிகளிலும், நகர்ந்துகொண்டே பல இலக்குகளைச் சுடும் செயல்முறைப் போட்டிகளிலும் இடம்பெறுகின்றன. இவ்விரு வகைகளின் வளர்ச்சியிலும் பிரௌனிங்கின் பங்கு உண்டு.

பிரெஞ்சு மொழியில் 'பிரௌனிங்' என்பது கைத்துப்பாக்கியைக் குறிக்கும் பொதுப்பெயராகவே வழங்கலாயிற்று. ஆக்டன் நகரின் யூனியன் தொடருந்து நிலையக் கட்டடத்தில் இவர் பெயரில் அருங்காட்சியகம் அமைக்கப்பட்டது. 2011 இல் யூட்டா மாநிலம் எம்1911 கைத்துப்பாக்கியைத் தன் மாநிலத் துப்பாக்கியாக அறிவித்தது.

முக்கிய சிதறுதுப்பாக்கி வடிவமைப்புகள்

• வின்செஸ்டர் 1887 – நெம்புகோல் முறை
• வின்செஸ்டர் 1893 – பம்ப் முறை
• வின்செஸ்டர் 1897 – பம்ப் முறை, புகையற்ற வெடிமருந்துக்கு ஏற்றது
• ஆட்டோ-5 (காப்புரிமை 1900) – அரைத்தானியங்கி, நீள் பின்னுதைப்பு முறை
• சூப்பர்போஸ்டு (விற்பனை 1931) – மேல்-கீழ் இரட்டைக்குழல்